சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள்: பிர்மான்ட் கரையோரப் பலகைகள் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: சிட்னி, பிர்மான்ட் கரையோர நடைபாதையில் வைக்கப்படவுள்ள வரலாற்றுப் பலகைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளும் ஆலோசகர்களும்

மதிப்பிற்குரியீர்,

பிர்மான்ட்டின் கரையோரத்தில் நீங்கள் நிறுவவிருக்கும் பலகைகளின் முன்வரைவு வாசகங்களைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்தீர்கள், கருத்தும் கேட்டீர்கள். சர்க்கரை ஆலை பற்றிய பலகையில் அந்தச் சர்க்கரையை விளைவித்த மனிதர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்று நான் எழுதியிருந்தேன். பலகைகள் இந்தப் புறநகரின் எல்லைக்குள் நிகழ்ந்தவற்றை மட்டுமே பேசும் என்றும், கரும்புத் தோட்டங்களில் யார் உழைத்தார்கள் என்பது அந்த எல்லைக்கு அப்பாற்பட்டது என்றும், ஆகவே வாசகத்தில் மாற்றம் இல்லை என்றும் உங்களிடமிருந்து பதில் வந்தது. இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தில் உங்களுக்கு அனுப்பியிருக்கும் இந்த மடலைத் தமிழிலும் பொதுவில் வைக்கிறேன். உங்கள் பலகையில் விடுபட்டவர்களில் தமிழ் பேசியவர்களும் இருந்தார்கள்.

முன்வரைவில் உள்ளவற்றின் மீது எனக்குக் குறை இல்லை. கொலோனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி தன் சுத்திகரிப்பு ஆலையைச் சிப்பென்டேலிலிருந்து 1878-ல் பிர்மான்ட்டுக்குக் கொண்டுவந்தது, ஜான்ஸ்டன்ஸ் விரிகுடாவின் ஆழமான நீரில் கப்பல்கள் ஆலையின் வாசலிலேயே வந்து நிற்க முடிந்தது, பழுப்பு நிறக் கச்சாச் சர்க்கரைப் பாகை விலங்கு எலும்புக் கரியின் ஊடே வடித்து வெண்மையாக்கியது, பின்னாளில் ரம் வடிசாலையும் சேர்ந்தது, 1990-களில் எல்லாம் மூடப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தது என அனைத்தும் சரியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. எலும்புக் கரி பற்றிய பத்தி மிக நன்று. இங்கே குடியிருக்கும் பலருக்கு அது தெரியாது. ஆனால் அந்தப் பத்திக்கு முந்தைய வரியில், கச்சாச் சர்க்கரை கப்பல்களில் வந்து இறங்கியது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர், பீப்பாய் செய்தவர், மூட்டை சுமந்தவர் எல்லோருக்கும் அந்தப் பலகையில் இடம் இருக்கிறது. இருக்கவும் வேண்டும், அந்த வெக்கையில் நின்ற பிர்மான்ட் தொழிலாளிகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆலைக்குள் வந்த பொருள் மட்டும் எவர் கையும் படாமல் தானே விளைந்து, தானே வெட்டுண்டு, தானே கப்பலேறி வந்ததைப் போல இருக்கிறது என்பதே என் முறையீடு.

எல்லை என்ற காரணத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்த ஊரின் நில அமைப்பை அறிந்த எவரும் அந்தக் காரணத்தைச் சொல்லத் தயங்குவார்கள். பிர்மான்ட் ஒரு தீபகற்பம். மூன்று பக்கம் நீர், நடுவே மணற்பாறை முதுகு, தெற்கே அல்டிமோ வழியாக மட்டும் நிலத்தொடர்பு. இங்கே எது நடந்தாலும், ஒன்று வெளியிலிருந்து வந்ததாக இருக்கும், அல்லது வெளியே போனதாக இருக்கும். உங்கள் மற்றப் பலகைகளே இதற்குச் சான்று. இப்பகுதியின் பூர்வகுடிகளான காடிகல் மக்கள் பிர்ரமா என்று அழைத்த இந்த நிலம், பாறையிலிருந்து கசிந்த ஊற்றின் காரணமாக 1806-ல் ஜெர்மனியிலுள்ள ஒரு நீரூற்று நகரின் பெயரைப் பெற்றது என்று முதல் பலகையில் எழுதியிருக்கிறீர்கள். 1799-ல் படை அதிகாரி ஜான் மெக்கார்தர் இந்த நிலத்தை ஒரு காலன் ரம்முக்கு வாங்கிய கதையையும் சுவையாகச் சொல்கிறீர்கள். சாண்டர்ஸ் குடும்பத்தின் கல்குவாரிகளுக்கு அங்கே உழைத்தவர்கள் சொர்க்கம், உத்தரிக்கும் தலம், நரகக்குழி என்று பெயரிட்டதைச் சொல்லிவிட்டு, அங்கிருந்து வெட்டிய மஞ்சள் கல் சிட்னி பல்கலைக்கழகத்துக்கும் தலைமை அஞ்சலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் போனதைப் பட்டியலிடுகிறீர்கள். 1904-ல் தொடங்கிய மின்நிலையம் நகரின் தெருக்களுக்கு ஒளி தந்ததைச் சொல்கிறீர்கள். அது இடிக்கப்பட்ட இடத்தில் இன்று சூதாட்ட விடுதி நிற்பதை மட்டும் சற்று மெதுவாகக் கடந்துபோகிறீர்கள், அது போகட்டும். பதின்மூன்றாம் எண் கப்பல் துறையில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய குடியேறிகளுக்கு ஒரு முழுப் பலகையே ஒதுக்கியிருக்கிறீர்கள்.

இவற்றில் எது புறநகர் எல்லைக்குள் அடங்குகிறது? கல் எங்கே போனது என்று எழுத எல்லை தடுக்கவில்லை. பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுத ஜெர்மனி தொலைவில் இல்லை. குடியேறிகள் எந்த நாடுகளிலிருந்து வந்தார்கள் என்று எழுதவும் இடம் கிடைத்தது. கரும்பு வெட்டியவர்களின் முறை வந்தபோது மட்டும் எல்லைக்கோடு குறுக்கே வந்துவிட்டது. தெரிந்தே செய்தீர்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் ஒரு விதியை ஏழு இடங்களில் தளர்த்தி எட்டாவது இடத்தில் இறுக்கினால், அந்த எட்டாவது இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

அங்கே இருப்பதைச் சொல்கிறேன். இந்த ஆலைக்கு வந்த கச்சாச் சர்க்கரை நியூ சவுத் வேல்ஸின் வடக்கு ஆற்றுப் பகுதியில் ஹார்வுட், பிராட்வாட்டர், கொண்டாங் ஆலைகளிலிருந்தும், குயின்ஸ்லாந்திலிருந்தும் வந்தது. குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்கு 1863 தொடங்கி 1904 வரை வனுவாட்டு, சாலமன் முதலிய பசிபிக் தீவுகளிலிருந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டார்கள். சிலர் விரும்பி வந்தார்கள், பலர் ஏமாற்றப்பட்டோ கடத்தப்பட்டோ வந்தார்கள். அந்தத் தோட்ட முதலாளிகளில் பிர்மான்ட் ஆலைக்கு உரிமையான அதே கம்பெனியும் ஒன்று. கூட்டாட்சி அமைந்த 1901-லேயே இவர்களை நாட்டைவிட்டு அனுப்புவதற்குச் சட்டம் வந்தது. 1906 முதல் இரண்டாண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டார்கள். இங்கேயே தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்களை ஒரு தனிச் சமூகமாக மத்திய அரசு 1994-ல்தான் ஏற்றுக்கொண்டது.

இந்தக் காலத்தின் இன்னொரு சட்டத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். வெள்ளைத் தொழிலாளிகளைக் கொண்டு விளைவித்த கரும்புக்கு மட்டும் அரசு ஊக்கத்தொகை தரும் என்று 1903-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதாவது, இந்தக் கரும்பை யார் வெட்டினார்கள் என்பது அன்றைய அரசு கேட்டுப் பதிவு செய்த கேள்வி. கரும்பு வெட்டியவரின் தோல் நிறத்தைப் பார்த்து அரசு பணம் கொடுத்த ஒரு தொழிலைப் பற்றிய பலகையில், உழைத்தவர் யார் என்பது தலைப்புக்கு அப்பாற்பட்டது என்று சொல்வது வரலாற்றுக்கு ஒவ்வாதது.

அடுத்து ஃபிஜி. இதே கம்பெனி 1882 முதல் அங்கே கரும்பாலை நடத்தியது. நவுசோரி, ரராவாய், லம்பாசா, லாவ்டோகா என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகளைக் கட்டி, 1973-ல் வெளியேறும் வரை அந்நாட்டுப் பொருளாதாரத்தின் அச்சாணியைத் தன் கையில் வைத்திருந்தது. அத்தனை முடிவுகளும் சிட்னியிலுள்ள தலைமை அலுவலகத்திலிருந்து போயின. 1879-க்கும் 1916-க்கும் இடையில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். முதலில் கல்கத்தா வழியாக மட்டும் சென்றார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. அப்படிச் சென்றவர்கள் சுமார் பதினைந்தாயிரம் பேர். தமிழர், தெலுங்கர், மலையாளிகள். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அன்றன்றைக்கு அளந்துவிட்ட வேலையை முடிக்காதவர்களுக்கு அதுவும் இல்லை. பத்தடிக்கு ஏழடி லயன் அறையில் மூன்று ஆண்கள், அல்லது ஒரு குடும்பம். சமையல் அடுப்பும் அதற்குள்ளேதான்.

ஃபிஜிச் சர்க்கரையின் பெரும்பங்கு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இதே கம்பெனியின் பங்கோடு 1884-ல் திறந்த ஆலைக்குத்தானே போனது, பிர்மான்ட்டுக்கு அதனுடன் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூட்டை எந்தத் துறையில் இறங்கியது என்பதை மட்டும் கணக்கில் எடுத்தால் ஃபிஜிக்கு ஒரு வரியும் குயின்ஸ்லாந்துக்கு மூன்று வரியும் போதும்; நான் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பலகை மூட்டையின் வரலாற்றை எழுதவில்லை, கம்பெனியின் வரலாற்றை எழுதுகிறது. 1855-ல் எட்வர்ட் நாக்ஸ் தொடங்கியதிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெரும் நிறுவனங்களில் ஒன்றாக அது எப்படி வளர்ந்தது என்று பெருமையோடு விவரிக்கிறது. அந்த வளர்ச்சி எங்கிருந்து வந்தது என்று சொல்லும் இடத்தில் மட்டும் எந்திரங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன.

எங்கள் கட்டடத்தில், இரண்டு தளம் கீழே, லாவ்டோகாவில் பிறந்த ஒரு பெரியவர் குடியிருக்கிறார். அவருடைய தாத்தாவின் குடிபெயர்வுச் சீட்டின் நகல் அவரிடம் இருக்கிறது. மூலங்கள் ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளவை. அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, காப்பீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து அடுக்கியிருக்கிறார். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலையம்), கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம் என்று அச்சிட்ட கட்டங்கள். ஜில்லா வட ஆற்காடு. கிராமத்தின் பெயரை எழுதிய குமாஸ்தா அதைத் தன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். இன்றைய வரைபடத்தில் நாலைந்து ஊர்கள் அதற்குப் பொருந்துகின்றன. உயரம் ஐந்தடிக்குச் சற்று மேல். இடது முழங்காலில் ஒரு தழும்பு. தாத்தாவைப் பற்றி அந்தக் குடும்பத்தில் எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். பெரியவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. வீட்டில் பேசுவது ஃபிஜி ஹிந்தி. மாரியம்மன் திருவிழாவில் பாடும் பாட்டுகள் மட்டும் தமிழில் மனப்பாடம்.

உங்கள் முன்வரைவை அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். எலும்புக் கரி வரை ஆர்வமாகக் கேட்டார். முடிந்ததும், அவ்வளவுதானா என்றார். பிறகு, ஃபிஜியில் எங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அங்கே எழுதாமல் இருக்க முடியாது, எங்களை வேலைக்கு எடுத்த கம்பெனியின் ஊரில் எழுதாவிட்டால் அது எப்படி முழுக் கதையாகும் என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை. கோபம் எனக்குத்தான் வந்தது.

ஆவணங்கள் இல்லை என்றும் நீங்கள் சொல்ல இயலாது. கம்பெனியின் பழைய பதிவேடுகள் கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் நோயல் பட்லின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காந்தியின் நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸும் அவருடைய தோழர் பியர்சனும் ஃபிஜிக்கு நேரில் சென்று ஒப்பந்தக் கூலி முறையைப் பற்றி 1916-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த முறை முடிவுக்கு வந்ததில் அந்த அறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. கரும்பு விவசாயிகளுக்கும் ஆலைக்கும் வருமானம் எப்படிப் பிரிய வேண்டும் என்று இங்கிலாந்தின் நீதிபதி டென்னிங் பிரபு அளித்த தீர்ப்புக்குப் பின்னரே கம்பெனி ஃபிஜியைவிட்டு வெளியேறியது. இவையெல்லாம் பொதுவில் உள்ளவை. உங்கள் ஆலோசகர்கள் ஒரு பிற்பகலில் எடுத்துவிடலாம்.

இடம் போதாது என்பது நீங்கள் சொல்லக்கூடிய இன்னொரு காரணம். பலகையின் வலப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை, எஞ்சி நிற்கும் கட்டடங்களின் வரைபடம் நிரப்பியிருக்கிறது. பீப்பாய்க் கூடமும் ரம் கிடங்கும் எங்கே இருக்கின்றன என்பதை நடந்துபோகிறவர் தலையை நிமிர்த்தினாலே பார்த்துக்கொள்வார். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்வதற்குத்தானே பலகை?

இந்தப் பலகைகளை யார் படிக்கப் போகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1970-களின் முடிவில் இந்தத் தீபகற்பம் முழுவதிலும் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. தொழிற்சாலைகளும் கம்பளிக் கிடங்குகளும் சாலைகளும் வீடுகளைத் தின்றுவிட்டன. வேஸ் டெரஸ் போன்ற பழைய குடியிருப்புகளில் ஊன்றி நின்ற குடும்பங்கள்தான் மிச்சம். இன்று பிர்மான்ட்டில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறோம், மெட்ரோ நிலையம் வந்தால் கூட்டம் இன்னும் பெருகும். எங்களில் பெரும்பாலோருக்கு இந்த ஊரில் தாத்தா பாட்டி கிடையாது. சொல்லித் தர ஆள் இல்லை. ரிஃபைனரி டிரைவ், டிஸ்டில்லரி டிரைவ் என்ற முகவரிகளில் கடிதம் பெறுகிறோம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நீங்கள் எழுதும் நூற்றைம்பது சொற்களே எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஊரின் வரலாறாகப் போகிறது. பிர்ரமா பூங்கா இன்று பூங்காவாக இருப்பதே, அந்த நிலத்தில் அடுக்குமாடி எழக்கூடாது என்று இங்கே வசித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதால்தான். இந்த ஊரில் குடியிருப்பவர்கள் கேட்டுப் பெறுவது புதிதல்ல என்பதற்காக இதை நினைவூட்டுகிறேன்.

ஆகவே நான் கேட்பவை இவை. சர்க்கரை ஆலைப் பலகையின் வாசகத்தை அச்சுக்கு அனுப்புவதை நிறுத்திவையுங்கள். கச்சாச் சர்க்கரை எங்கெங்கிருந்து வந்தது என்பதையும், அந்தத் தோட்டங்களில் பசிபிக் தீவு மக்களும், கம்பெனியின் ஃபிஜித் தோட்டங்களில் இந்திய ஒப்பந்தக் கூலிகளும் உழைத்தார்கள் என்பதையும், ஆண்டுகளோடும் எண்ணிக்கையோடும், மழுப்பல் இல்லாத சொற்களில் சேருங்கள். ஐம்பது சொற்கள் போதும், கட்டட வரைபடத்தைச் சற்றுச் சுருக்கினால் இடம் கிடைத்துவிடும். அந்த ஐம்பது சொற்களை எழுதுவதற்கு முன் சிட்னியில் வாழும் அந்தப் பசிபிக் தீவுத் தொழிலாளிகளின் வழித்தோன்றல்களையும் ஃபிஜி இந்தியக் குடும்பங்களையும் அழைத்துக் கேளுங்கள்; கூட்டத்தை வேலை நாளின் நண்பகலில் வைக்காமல் ஒரு சனிக்கிழமையில், அவர்கள் பெரும்பான்மையாக வாழும் மேற்குப் புறநகர் ஒன்றில் வையுங்கள். பலகையிலிருந்து கைப்பேசியில் திறக்கும் கூடுதல் பக்கத்தில் அந்தக் குடிபெயர்வுச் சீட்டுகளில் ஒன்றின் படத்தை, குடும்பத்தின் அனுமதியோடு, சேருங்கள். எங்கள் கட்டடத்துப் பெரியவர் தன்னுடையதைத் தரச் சம்மதித்திருக்கிறார்.

இவற்றுள் எதையேனும் மறுப்பதாக இருந்தால், எல்லை என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், கல்லுக்கும் மின்சாரத்துக்கும் பெயருக்கும் பொருந்தாத அந்த எல்லை கரும்புக்கு மட்டும் ஏன் பொருந்துகிறது என்று, முடிவெடுத்த அலுவலரின் பதவியைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பதிலை எதிர்பார்க்கிறேன். வந்ததும் அதையும் இதே இடத்தில் முழுமையாக வெளியிடுவேன்.

இப்படிக்கு,
பழைய சர்க்கரை ஆலை நிலத்தில் குடியிருக்கும் ஒருவர்
பிர்மான்ட், சிட்னி